மகளின் மேடை, தாயின் பதில்

தாயைப் பற்றி மகள் மனம்விட்டுப் பேச ஓராள் நாடகத்தைப்போல் வசதியான இடம் வேறில்லை. வீட்டில் பேசினால் பாதியிலேயே பதில் வந்து விழும். மேடையில் அந்தத் தொல்லை கிடையாது. விளக்கு அவள்மேல் விழுகிறது, ஒலிவாங்கி அவளிடம் இருக்கிறது, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அவள் சொல்வதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். தாய் அதே அரங்கில் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தாலும் எழுந்து நின்று ‘நடந்தது அப்படியில்லை’ என்று சொல்ல வழியில்லை. நகைச்சுவையும் சேர்ந்துகொண்டால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுகிறது. குற்றச்சாட்டை மறுத்துப் பேசலாம்; எழுநூறு பேர் சேர்ந்து சிரித்துவிட்டதை எப்படி மறுப்பது?

அமெரிக்க மேடையில் தாயும் மகளும் ஒரே உடலில் வாழ்ந்த நகைச்சுவை நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்த்து வந்தால் ஒன்று புலப்படுகிறது. இவற்றுள் நிலைத்து நின்றவை எல்லாம், மகள் கையில் குவிந்த இந்த அதிகாரத்தை ஏதோ ஒரு வகையில் தாயிடம் திருப்பிக் கொடுத்தவை. கொடுத்த விதம்தான் வேறுவேறு. இந்தக் கட்டுரை அந்த விதங்களைப் பற்றியது. நடுவில் நிற்பது கேரி ஃபிஷரின் ‘விஷ்ஃபுல் டிரிங்கிங்’. அதற்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் ரூத் டிரேப்பர், மார்கரெட் சோ, லிசா க்ரோன் ஆகிய மூவர் வருகிறார்கள்.

ஒரு சால்வை, மூன்று தலைமுறை

தனியொருத்தியாக மேடையை நிரப்பிய நடிகைகளின் வரலாற்றில் ரூத் டிரேப்பர் (1884–1956) தவிர்க்க முடியாதவர். நியூயார்க்கின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1920இல் லண்டனில் தொழில்முறை நடிகையாக அரங்கேறி, இறக்கும்வரை உலகம் முழுதும் நடித்தவர். அவருடைய துண்டுகளில் அவர் மட்டுமே இருப்பார். ஆனால் அவர் பேசும் திசை, கண் நிற்கும் உயரம், பதிலுக்காகக் காத்திருக்கும் இடைவெளி இவற்றாலேயே மேடையில் கணவர், குழந்தை, வேலைக்காரி, நீதிபதி என்று ஒரு கூட்டம் கூடிவிடும்.

குடும்ப வழக்குமன்றத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் வந்து நிற்கும் அவருடைய துண்டு நமக்கு முக்கியமானது. பாட்டி, அம்மா, மகள் மூவரும் ஏழைகள். கண்ணுக்குத் தெரியாத நீதிபதி முன் ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்கள். மகள் கல்யாணம் செய்துகொண்டு மேற்கே போய்விட ஆசைப்படுகிறாள்; மூத்தவர்கள் இருவரையும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறாள். அவர்களுக்கு அதில் சம்மதமில்லை. மூவரையும் நடிப்பவர் டிரேப்பர் ஒருவரே. கையில் இருந்தது ஒரு சால்வை. அது இடம் மாற, முதுகின் வளைவும் குரலின் தேய்வும் மாற, அதே பெண் எழுபதிலிருந்து இருபதுக்கு வந்துவிடுவார்.

இதில் சிரிப்பு உண்டு. மூவரும் தன் பக்கமே நியாயம் என்று உறுதியாக நம்புகிறார்கள், ஒருவர் சொன்னதையே இன்னொருவர் வேறு நிறத்தில் சொல்கிறார் என்பதிலிருந்து அந்தச் சிரிப்பு வருகிறது. நீதிமன்றத்தைக் களமாக எடுத்ததுதான் டிரேப்பரின் நுட்பம். நீதிமன்றத்தில் எல்லாருக்கும் பேச முறை உண்டு. மகள் தாயைப் பற்றிப் பேசினால் தாயும் மகளைப் பற்றிப் பேசியே தீர வேண்டும். ஓராள் நாடகத்தின் பெரிய குறை, ஒரே தரப்பின் வாக்குமூலமாக முடிந்துவிடுவது. அதை டிரேப்பர் களத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே தீர்த்துவிட்டார். ஆனால் அவர் கற்பனைப் பாத்திரங்களை நடித்தவர். சொந்தத் தாயை மேடைக்கு இழுத்து வந்தவரல்ல. பிந்தைய தலைமுறை சொந்தப் பெயரோடும் சொந்தத் தாயோடும் மேடையேறியபோதுதான் சிக்கல் முற்றியது.

ஊர் முழுதும் அறிந்த அம்மா

கேரி ஃபிஷர் 1956இல் பிறந்தவர். உலகம் அவரை ‘ஸ்டார் வார்ஸ்’ இளவரசி லேயாவாக அறியும். அதற்கு முன்பே அமெரிக்கா அவரை இன்னொரு விதத்தில் அறிந்திருந்தது: டெபி ரெனால்ட்ஸின் கைக்குழந்தையாக. டெபி 1952இல் வெளிவந்த ‘சிங்கின் இன் தி ரெயின்’ படத்தின் நாயகி. அதில் நடித்தபோது இருபது வயதுகூட நிரம்பவில்லை. தந்தை எடி ஃபிஷர் ஐம்பதுகளின் பெரும் புகழ்பெற்ற பாடகர்.

‘விஷ்ஃபுல் டிரிங்கிங்’ 2006 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸின் கெஃபன் பிளேஹவுஸில் அரங்கேறியது. பிறகு டோனி டக்கோனியின் இயக்கத்தில் பெர்க்லி, வாஷிங்டன், பாஸ்டன் என்று ஊர் ஊராகப் போய், 2009 அக்டோபரில் நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 அரங்குக்கு வந்து 2010 ஜனவரிவரை நடந்தது. நடுவே 2008இல் அதே பெயரில் நூலாகவும், 2010 டிசம்பரில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் படமாகவும் வெளிவந்தது. போதைப்பழக்கம், பைபோலார் நோய், நினைவுகளைக் கலைத்துப்போடும் மின் அதிர்ச்சிச் சிகிச்சை, தன் படுக்கையிலேயே இறந்துகிடந்த நண்பர் என்று அதில் வரும் செய்திகள் எல்லாம் கனமானவை. ஆனால் மேடை ஒரு வீட்டு வரவேற்பறை. ஃபிஷர் வெறுங்காலோடு நடமாடுவார், பாடுவார், பார்வையாளர்மேல் மினுமினுப்புத் தூளைத் தூவுவார், நண்பரின் மரணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லிக் கூட்டத்தையே அழைப்பார். விருந்துக்கு வந்தவர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசும் வீட்டுக்காரியின் தோரணை அது.

நிகழ்ச்சியின் புகழ்பெற்ற பகுதி ஒரு பெரிய பலகையோடு வருகிறது. அதில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கோடுகள் இணைத்திருக்கும். ஃபிஷர் கையில் நீண்ட குச்சியோடு கல்லூரிப் பேராசிரியைபோல் பாடம் நடத்துவார். பாடத்துக்குக் காரணம் அவருடைய மகள் கேட்ட ஒரு கேள்வி. பருவ வயதில் அந்தப் பெண்ணுக்கு நடிகை எலிசபெத் டெய்லரின் பேரன்மேல் ஒரு நாட்டம். நாங்கள் இருவரும் சொந்தமா என்று அம்மாவிடம் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அரை நூற்றாண்டு ஹாலிவுட் வரலாற்றையே பலகையில் ஏற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் மிகப் பிரபலமான குடும்ப முறிவு. 1957 பிப்ரவரியில் எலிசபெத் டெய்லர் தயாரிப்பாளர் மைக் டாடை மணந்தபோது மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் எடி ஃபிஷர். மணப்பெண்ணுக்குத் தோழியாக நின்றவர் டெபி. இரண்டு தம்பதியரும் அவ்வளவு நெருக்கம். 1958 பிப்ரவரியில் பிறந்த தங்கள் மகனுக்கு எடியும் டெபியும் டாட் என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே மைக் டாட் விமான விபத்தில் இறந்தார். கைம்பெண்ணான டெய்லருக்கு ஆறுதல் சொல்லப் போன எடி அங்கேயே தங்கிவிட்டார். 1959இல் விவாகரத்து, அதே ஆண்டில் மறுமணம். கைக்குழந்தையின் துணிக்குக் குத்தும் ஊக்குகள் சட்டையில் தொங்க டெபி நிருபர்கள் முன் நின்ற படம் நாடெங்கும் பரவியது. அந்தப் படத்தோடு அவர் கைவிடப்பட்ட மனைவியாக, அமெரிக்காவே இரக்கப்படும் பெண்ணாக உறைந்துபோனார்.

கதை அங்கே நிற்கவில்லை. டெய்லர் எடியை விட்டு நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனிடம் போனார். எடி நடிகை கோனி ஸ்டீவன்ஸை மணந்து இரண்டு மகள்களைப் பெற்றார். டெபி ஒரு காலணி வியாபாரியை மணந்தார். அவருடைய சூதாட்டத்தில் சொத்தை இழந்தார். பலகையில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிஷரின் குச்சி போய் நிற்க நிற்க அரங்கு உருண்டு சிரிக்கிறது.

இந்தச் சிரிப்பு டெபிக்கு என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி. தாயின் பெரிய காயத்தை மகள் விற்றுக் காசாக்குகிறாள் என்று ஒருவர் சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக டெபியின்மேல் கவிந்திருந்தது இரக்கம். இரக்கம் காட்டப்படுபவர் எப்போதும் காட்டுபவரைவிட ஒரு படி கீழேதான். பலகையில் டெபி தனியே அழும் பெண்ணல்ல. டெய்லர், டாட், பர்ட்டன், ஸ்டீவன்ஸ் எல்லாரும் சேர்ந்து பின்னிய அபத்தமான வலையில் அவரும் ஒரு புள்ளி. டெய்லரும் இன்னொரு புள்ளி. பாதிக்கப்பட்டவள், பாவம் செய்தவள் என்ற பழைய பிரிவினை அந்தச் சிரிப்பில் கரைந்துபோகிறது. பேத்தியின் பருவக் காதலுக்கு உதவும் குடும்பத் தகவலாகப் பாட்டியின் அவமானம் மாறிவிடுகிறது. நிருபர்களும் பத்திரிகைகளும் எழுதி முடித்த கதையிலிருந்து ஒரு தாயை மகள் வெளியே எடுத்த விதம் இது.

இதற்கு ஃபிஷர் முன்பே பழகியிருந்தார். 2001இல் அவர் இணைந்து எழுதிய ‘தீஸ் ஓல்ட் பிராட்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் டெபியும் எலிசபெத் டெய்லரும் சேர்ந்து நடித்தார்கள். ஒருத்தியை விட்டு இன்னொருத்தியிடம் போன ஆணைப் பற்றி அந்த இரு பாத்திரங்களும் பேசிக்கொள்ளும் காட்சியும் அதில் உண்டு. தாய்க்கும் தாயின் பழைய போட்டியாளருக்கும் பேச வசனம் எழுதிக் கொடுத்த மகள், பலகையிலும் அதே நியாயத்தைத்தான் கடைப்பிடித்தார்.

சராசரி அக்கறை, அசாதாரணக் கருவிகள்

பலகைப் பகுதி பொதுவெளியின் டெபியைப் பற்றியது. வீட்டுக்குள் இருந்த அம்மாவை ஃபிஷர் வேறு முறையில் வரைகிறார். தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், வேறு தாய்களும் இருப்பதைப்போல, ‘உன் அம்மா டெபி பேசுகிறேன்’ என்று பெயர் சொல்லியே தொடங்கும் அம்மா. எல்லையில்லாமல் நீளும் உடை அறைக்குள் சாதாரணப் பெண்ணாக நுழைந்து மறுபக்கம் நட்சத்திரமாக வெளியே வரும் அம்மா. வேலை முடிந்து களைத்துத் தூங்கும் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் அறையிலேயே படுத்துக்கொண்ட பிள்ளைகள்.

இந்த அம்மாவைப் பற்றிய கதைகளுள் ஒன்று நிகழ்ச்சியின் இயக்கத்தையே காட்டுகிறது. இளம் ஃபிஷர் எல்.எஸ்.டி. எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்ததும் டெபி கவலைப்படுகிறார். எந்தத் தாயும் கவலைப்படுவாள். விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு ‘இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்’ என்பாள். டெபியும் அதைத்தான் செய்தார். அவர் கூப்பிட்ட பெரியவர் நடிகர் கேரி கிராண்ட். கிராண்ட் ஒரு காலத்தில் மருத்துவர் மேற்பார்வையில் அதே மருந்தை எடுத்துக்கொண்டவர் என்பது ஊரறிந்த செய்தி. உலகின் மிகக் கவர்ச்சியான நடிகர் ஒரு பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துப் போதைமருந்து பற்றி அறிவுரை சொல்கிறார். பிறகு, இது தெரியாமலே, தந்தை எடியும் மகளைப் பற்றி அதே கிராண்டிடம் போய் முறையிடுகிறார்.

இந்தத் துண்டில் அக்கறை சராசரியானது. அதை நிறைவேற்றக் கையில் கிடைத்த கருவிதான் அசாதாரணமானது. நாம் கருவியைக் கண்டு சிரிக்கிறோம். அக்கறையைக் கண்டு சிரிப்பதில்லை. ஃபிஷர் சொல்லும் டெபி கதைகள் பலவற்றில் இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் இரண்டு மணி நேரம் சிரித்து முடித்தபின் டெபியின்மேல் ஏளனம் தோன்றுவதில்லை, மரியாதைதான் மிஞ்சுகிறது. பண்ணையில் வளர்ந்திருந்தாலும் பங்களாவில் வளர்ந்திருந்தாலும் தன் அம்மாவும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்று பார்வையாளர் நினைக்கத் தொடங்குவதும் இங்கேதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபிஷர் தாயின் தவறுகளைப் பட்டியலிடும் அதே மூச்சில் தன் தவறுகளை அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதுகிறார். தன் நோய்க்கோ போதைக்கோ அவர் தாயைக் காரணம் காட்டுவதில்லை. குழந்தைப்பருவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தன்னை விடுவித்துக்கொள்ளும் வழி அன்றைய அமெரிக்கத் தன்வரலாறுகளில் பழகிப்போன பாதை. அந்தப் பாதையில் அவர் போகவில்லை. நோய் தனக்கு வந்தது, குடித்தது தான், சிகிச்சைக்குப் போனதும் தான் என்று மூன்றையும் தன் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார்.

இதே தாய்–மகள் உறவை அவர் முன்பு புனைவாக எழுதியிருந்தார். 1987இல் வந்த ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் தி எட்ஜ்’ நாவலில் தாய்க்குச் சிறிய இடமே உண்டு. அதை மைக் நிக்கோல்ஸ் 1990இல் படமாக்கியபோது ஃபிஷரே எழுதிய திரைக்கதையில் தாய் நடுவுக்கு வந்துவிட்டார்; மகளாக மெரில் ஸ்ட்ரீப், தாயாக ஷெர்லி மெக்லைன். அந்தத் தாய் வேடத்தில் தானே நடிக்க டெபி விரும்பினார், இயக்குநர் இசையவில்லை. நாவலில் ஓரமாக, படத்தில் மையமாக, மேடையில் பெயரோடும் புகைப்படத்தோடும் என்று தாய் படிப்படியாக வளர்ந்து வந்திருக்கிறார். ஒவ்வொரு படியிலும் கோபம் குறைந்து கவனிப்பு கூடியிருக்கிறது. 2011இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் தாயும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து, இடையில் பல ஆண்டுகள் விலகியிருந்ததைப் பற்றிப் பேசினார்கள், சேர்ந்து பாடினார்கள். இருவரையும் பற்றிய ‘பிரைட் லைட்ஸ்’ ஆவணப்படம் 2016இல் கான் திரைவிழாவில் திரையிடப்பட்டபோது இருவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 27இல் கேரி ஃபிஷரும் மறுநாள் டெபி ரெனால்ட்ஸும் இறந்தார்கள்.

ஃபிஷரின் நியாயம் முழுக்க அவருடைய பண்பால் மட்டும் வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெபிக்குச் சொந்த மேடை இருந்தது. அவர் தன்வரலாறுகள் எழுதினார். எண்பது வயது தாண்டியும் பாடிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதை மறுக்க நினைத்திருந்தால் மறுநாளே நூறு கேமராக்கள் அவர் வாசலில் வந்து நின்றிருக்கும். ஓராள் நாடகத்தின் ஏற்றத்தாழ்வு இங்கே தொடக்கத்திலேயே பாதி குறைந்திருந்தது. அப்படிப்பட்ட மேடை எதுவும் இல்லாத தாயை மகள் எப்படிக் கொண்டுவருவது?

குரலை எடுத்துக்கொள்வது

மார்கரெட் சோ 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் கொரியக் குடியேறிகளின் மகளாகப் பிறந்தவர். பெற்றோர் அந்நகரில் புத்தகக் கடை நடத்தினார்கள். 1994இல் அவரை நாயகியாக வைத்து, கொரிய–அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் கதையாக ‘ஆல்-அமெரிக்கன் கேர்ள்’ என்ற தொடர் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது, ஒரு பருவத்தோடு நின்றது. முகம் பெரிதாகத் தெரிகிறது என்று தொடரை எடுத்தவர்கள் சொன்னதால் இரண்டே வாரத்தில் அளவுக்கு மீறி உடல் மெலிந்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடந்ததை அவர் பின்னர் ‘ஐ’ம் தி ஒன் தட் ஐ வான்ட்’ என்ற தனி நிகழ்ச்சியில் சொன்னார். 1999இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி சான்பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் படமாக்கப்பட்டு 2000இல் வெளிவந்தது.

ஃபிஷர் தாயைப் பற்றிச் சொல்கிறவர். சோ தாயாகவே மாறுகிறவர். முகவாயை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, கொரிய உச்சரிப்பில் ஆங்கிலம் பேசத் தொடங்கியதும் மேடையில் வேறொரு பெண் நிற்கிறாள். இப்படி அவர் தாயாக மாறும் துண்டுகளுள் மிகப் பிரபலமானது ஆன்சரிங் மெஷின் துண்டு. மகள் ஒருபாலீர்ப்பு உள்ளவளோ என்று தாய்க்குச் சந்தேகம். நேரில் கேட்கத் தயக்கம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இயந்திரத்தில் செய்தி விடுகிறாள்: ஃபோனை எடு, எடுக்காவிட்டால் அப்படித்தான் என்று அர்த்தம்.

இந்தத் துண்டை இரண்டு விதமாகப் பார்க்கலாம். குடியேறியவர்களின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துப் பழகிய வெள்ளை அமெரிக்காவுக்கு மகளே தாயைப் படைத்துவிட்டாள் என்பது ஒரு வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. அரங்கில் யார் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பதை மேடையில் நிற்பவர் கட்டுப்படுத்த முடியாது. உச்சரிப்புக்காக மட்டும் சிரித்துவிட்டுப் போனவர்களும் இருப்பார்கள். ஆனாலும் அந்தச் செய்தியின் தர்க்கத்தைக் கூர்ந்து பாருங்கள். ஃபோனை எடுத்தால் மகள் தாயிடம் பேசியாக வேண்டும், எடுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆங்கிலம் தடுமாறும் ஒரு தாய் இரண்டு வாக்கியத்தில் தன் மகளைத் தப்ப முடியாத மூலையில் நிறுத்திவிட்டாள். வழக்குமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலின் வேகம் அது. சோ தன் வாயில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறந்த நகைச்சுவையைத் தாயின் வாயில் வைத்திருக்கிறார். உச்சரிப்பு அந்த அறிவுக்கூர்மையை மறைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒருவரைப்போல் பேசிக் காட்ட அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லுக்கு முன் தயங்குகிறார், எப்போது குரலை உயர்த்துகிறார் என்று பல ஆண்டுகள் கவனித்திருக்க வேண்டும். வெறுப்போடு கவனித்தவர் கேலிச்சித்திரத்தோடு நின்றுவிடுவார். சோவின் தாய் கேலிச்சித்திரத்தைத் தாண்டி நிற்பதற்கு அந்தத் தயக்கத்தின் காரணத்தையும் மகள் புரிந்து நடிப்பதுதான் காரணம். மகளை இழந்துவிடக் கூடாது என்ற பயத்தில் பிறந்த கேள்வி அது என்பது பார்வையாளருக்கும் தெரிந்துவிடுகிறது.

தூக்கம் கலைந்த தாய்

எவ்வளவு நேர்மையாகச் சித்திரித்தாலும் தேர்வு மகளுடையதுதானே என்ற கேள்வி எஞ்சுகிறது. எந்தக் கதையைச் சொல்வது, எதை விடுவது, எங்கே நிறுத்திச் சிரிப்புக்கு இடம் கொடுப்பது என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவள் அவளே. இந்தக் கேள்வியையே நாடகமாக்கியவர் லிசா க்ரோன். அதற்கு முன் ஓராள் நிகழ்ச்சிகளால் பெயர் பெற்றவர். பின்னாளில் ‘ஃபன் ஹோம்’ இசை நாடகத்துக்காக 2015இல் டோனி விருதுகள் பெற்றவர். அவருடைய ‘வெல்’ லீ சில்வர்மன் இயக்கத்தில் 2004இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறி, 2006இல் பிராட்வேயின் லாங்கேக்கர் அரங்குக்குப் போனது. மற்றவர்களும் இருக்கும் ஓராள் நாடகம் என்பது அதற்கு அவர் சொன்ன விளக்கம்.

மேடையின் ஒரு பக்கம் காலி. மறுபக்கம் சாமான்கள் நெருக்கியடித்த ஒரு வீட்டு அறை. அதில் சாய்வு நாற்காலியில் வீட்டு உடையோடு ஒரு வயதான பெண் தூங்கிக்கொண்டிருக்கிறாள். லிசா கையில் குறிப்பு அட்டைகளோடு காலிப் பக்கத்தில் வந்து நின்று, இது தன்னையும் தன் அம்மாவையும் பற்றிய நாடகமல்ல, தனிமனிதரிடமும் சமூகத்திடமும் நோயும் நலமும் எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றிய நாடகம் என்று அறிவிக்கிறார். அதற்குள் நாற்காலியிலிருந்த அம்மா கண் விழிக்கிறாள். எதிரே இவ்வளவு பேர்! வீட்டு உடையில் இருக்கிறோமே என்று கூசுகிறாள். அடுத்த கணம் விருந்தோம்பல் முந்திக்கொள்கிறது. குடிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா என்று பார்வையாளரைக் கேட்கிறாள்.

அந்தக் கேள்வியோடு லிசாவின் நாடகம் கைநழுவத் தொடங்குகிறது. மகள் ஒரு சம்பவத்தைச் சொன்னால் அம்மா நாற்காலியிலிருந்தே திருத்துகிறாள். துணைப் பாத்திரங்களை நடிக்க வந்த நான்கு நடிகர்களும் ஒருவர் பின் ஒருவராக வேடத்தைக் கலைத்துவிட்டு அம்மாவிடம் பேசப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அவளைப் பிடித்துவிடுகிறது. சிறுவயதில் லிசாவை மிரட்டிய ஒரு பெண், எழுதப்படாமலே மேடைக்குள் புகுந்து கலாட்டா செய்கிறாள். இத்தனைக்கும் நடுவே மெல்ல மெல்லத் தெரியவருகிறது அம்மா யார் என்பது. மிச்சிகன் மாநிலம் லேன்சிங்கில், கறுப்பர்கள் குடிவந்தால் வெள்ளையர்கள் வீட்டை விற்றுவிட்டு ஓடும் காலத்தில், இரண்டு இனமும் சேர்ந்து வாழும் தெருவாகத் தன் குடியிருப்பைக் காத்தவர் ஆன் க்ரோன். தீராத உடல்நலிவோடு பெரும்பகுதி நாளை அந்த நாற்காலியில் கழித்தவர் ஓர் ஊரையே நலமாக்கினார். தானும் நோயுற்று மீண்டவள்தானே, அம்மா ஏன் மீளவில்லை என்பது மகளின் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நாடகம் முழுவதும் அந்தக் குற்றச்சாட்டைத் துளித்துளியாகக் கழற்றிப் போடுகிறது.

அம்மாவாக நடித்தவர் ஜேன் ஹௌடிஷெல். இறுதியில் அவரும் வேடத்திலிருந்து வெளியே வந்து நடிகையாகவே லிசாவிடம் பேசுகிறார். அம்மாவின் வேடத்தைக் கலைத்துவிட்டால் மிஞ்சுவது மகள் எழுதிய சொற்கள் மட்டுமே என்பதை மகளே பார்வையாளர் முன் ஒப்புக்கொள்கிறாள். கடைசியில் அவள் வாசிப்பது தன் வசனத்தை அல்ல. அக்கம்பக்கத்தார் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஆன் க்ரோன் தானே எழுதிய சொற்களை. க்ரோனும் ஹௌடிஷெல்லும் 2006இல் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். பிராட்வேயில் நாடகம் இரண்டு மாதம்கூட நிறைவாக ஓடவில்லை. ஆனால் ஓராள் நாடகத்தின் அதிகாரத்தை ஓராள் நாடகத்துக்குள்ளிருந்தே இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்ட இன்னொரு படைப்பை நான் அறியேன்.

சிரிப்பின் நீதி

நான்கு பேர், நான்கு வழிகள். டிரேப்பர் எல்லாருக்கும் பேச முறை கொடுத்தார். ஃபிஷர் பொதுவெளி தாய்க்குச் சூட்டிய பாவப்பட்ட வேடத்தைக் கழற்றி, தன் தவறுகளை முன்னே வைத்தார். சோ சிறந்த வரியைத் தாயிடம் கொடுத்தார். க்ரோன் மேடையையே விட்டுக்கொடுத்தார். வழிகள் மாறினாலும் வேலை ஒன்றே: தாயைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்களைத் தாயோடு சேர்ந்து சிரிக்க வைப்பது.

இது அறத்துக்காகக் கலை செய்துகொண்ட சமரசம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. நகைச்சுவையின் தொழில்நுட்பமே இதைத்தான் கேட்கிறது. எதிரில் பலவீனமானவர் நின்றால் சண்டை சுவாரசியமாகாது. வாய் திறக்காத தாயைப் பற்றி மகள் ஒரு மணி நேரம் குறை சொன்னால் பத்தாவது நிமிடத்திலேயே கூட்டம் களைத்துவிடும். மனதுக்குள் தாயின் பக்கம் சாய்ந்தும்விடும். தாய் கெட்டிக்காரியாக, வேகமானவளாக, மகளுக்கு எப்போதும் ஒரு சொல் முன்னே நிற்பவளாக இருந்தால்தான் மகளின் திணறல் சிரிப்பாகிறது. ஆகவே இந்த வகை நாடகத்தில் தாய்க்குச் செய்யும் நியாயமும் நாடகத்தின் தரமும் ஒன்றையொன்று விட்டு நிற்பதில்லை.

இதிலிருந்து விமர்சகர்களுக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். தாய்–மகள் பற்றிய ஓராள் நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பவை: இது உண்மையில் நடந்ததா, தாய் புண்பட்டிருப்பாளா, மகளுக்கு மனப்பாரம் இறங்கியதா. மூன்றும் அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயங்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவற்றை அறிய வழியும் இல்லை, உரிமையும் இல்லை. நம்மால் பார்க்க முடிவது ஒன்றுதான்: அந்த மேடையில் ஒருமுறையாவது தாய் மகளை வெல்கிறாளா? வென்றிருந்தால், அதை மகளே எழுதி, மகளே நடித்து, மகளே கைதட்டலுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். எந்த மன்னிப்புக் கடிதத்தையும்விட அதற்கு உழைப்பு அதிகம். அந்த உழைப்பு இருக்கும் நாடகத்தை நம்பி நாம் வாய்விட்டுச் சிரிக்கலாம்.